அட்டைப்படத்துப் பிள்ளை

வாருங்கள் அக்கா, அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி சோபாவில் உட்காருங்கள். டாக்டர் என்று கூப்பிடாமல் அக்கா என்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இந்த ஊருக்கு வந்த பிறகு வாசலில் நின்று ஒருத்தர் தமிழில் "ஜெசிந்தா இருக்காங்களா" என்று கேட்டது இதுதான் முதல் தடவை. கதவைத் திறப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் மதுரைப் பக்கமா? நான் தூத்துக்குடி. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதனால்தான் இங்கிலீஷ் பேசிச் சமாளிக்கிறேன். ஆனால் இங்கிலீஷில் பயப்படத் தெரியவில்லை அக்கா. பயம் வந்தால் தமிழ்தான் வருகிறது.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். கிளினிக்கிலிருந்து போனில் சொன்னார்கள். ரெமிக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறீர்கள்.

கேட்கிறது அக்கா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாகக் கேட்கிறது.

இதோ பாருங்கள், உங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். பத்து மாதம் நடக்கிறது. புது ஆள் என்று அழுகிறானா? அழ மாட்டான். சமர்த்து. கடையில் இவன் படத்தைப் பார்த்ததாகச் சொன்னீர்களாம். ரெக்கார்டு கடை ஜன்னலில் பெரிதாக ஒட்டியிருக்கிறதே, அதுதானே? இந்த நாட்டில் அத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். நீங்கள் ஒருத்தர்தான் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வந்திருக்கிறீர்கள். வந்தது சந்தோஷம். ஆனால் அந்தப் படம் எப்படி எடுத்தது என்று தெரிந்தால் உங்களுக்கே சந்தேகம் போய்விடும். சொல்கிறேன், டீ குடித்துக்கொண்டே கேளுங்கள். பரீட்சையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவசரம் ஒன்றும் இல்லையே?

எனக்கு வரன் பார்த்தபோது, "மாப்பிள்ளை அல்போன்ஸ், சின்ன வயசிலேயே இங்கிலாந்து போன குடும்பம், தபால் ஆபீசில் வேலை, பொழுதுபோக்குக்கு டிரம் அடிப்பார்" என்றார்கள். வந்து பார்த்தால் டிரம்தான் வேலை, தபால் ஆபீஸ்தான் பொழுதுபோக்கு. இப்போது அந்தப் பொழுதுபோக்கும் இல்லை. குழுவின் பெயர் மில்க் ஃப்ளோட்ஸ். காலையில் தெருவில் பால் வண்டி போகிறதே, அதுதான். நாலு பையன்கள். இவரை அல்ஃபி என்பார்கள். இவர்கள் வாசிப்பதற்கு பவர் பாப் என்று பெயர். நானும் முதலில் முழித்தேன். கிட்டார் சத்தம் கூரையைத் தூக்கும், ஆனால் பாட்டு மட்டும் மழலை போல இனிப்பாக இருக்கும். சட்டென்று ஆரம்பிக்கும், சட்டென்று முடியும், நாள் முழுக்க வாயில் நிற்கும். பாத்திரம் கழுவும்போது நான்கூட முணுமுணுப்பேன்.

முதல் ரெக்கார்டு வந்த சுவடே தெரியவில்லை. இரண்டாவதும் விழுந்தால் கம்பெனி கை கழுவிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டாவது ரெக்கார்டு போட ஆரம்பித்த வாரம்தான் ரெமி பிறந்தான்.

இந்த வீட்டை அப்போது பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஹீட்டர் செத்துக் கிடந்தது. ஜன்னலில் உள்பக்கம் பனி பூத்திருக்கும். இவர் காலையில் போனால் எப்போது வருவார் என்று தெரியாது. புகைபோக்கியில் காற்று புகுந்து ஆள் முனகுவது போல ஒரு சத்தம் போடும். கையில் பச்சைப் பிள்ளை. அது மூச்சு விடுகிறதா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் இவர் வந்து பார்த்தபோது கோட்டு, சால்வை எல்லாம் போட்டுக்கொண்டு பிள்ளையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமாக என்று எனக்கே தெரியாது.

"என்ன ஜெசி, இங்கே உட்கார்ந்திருக்கே?"

"உள்ளே இருக்கப் பயமா இருக்கு."

இவருக்குத் தமிழ் குழந்தைத் தமிழ்தான் அக்கா, ஆறு வயசில் வந்தவர். "பயம் வேணாம். நாளைக்கு நீயும் வா. அங்கே சூடு இருக்கு" என்றார். அப்படித்தான் போனோம்.

ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பழைய கம்பளிக் கிடங்கு, அதன் அடித்தளம். ஆனால் உள்ளே போனால் சட்டென்று ஒரு கதகதப்பு வரும் பாருங்கள், அதற்காகவே எந்தச் சத்தத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். தொட்டில் கிடையாது. பெரிய டிரம்மை வைத்துத் தூக்கிப்போகிற வட்டப் பெட்டி இருக்கும், அதன் மூடியை மல்லாத்தி, கம்பளி விரித்து, அதில் இவனைப் படுக்க வைத்தார்கள். நம் ஊரில் பிறந்த பிள்ளையை அரிசி புடைக்கிற சுளகில் போடுவோமே, அந்த மாதிரியே இருந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அம்மா கூட இருந்து செய்ய வேண்டியதை இந்த வெள்ளைக்காரப் பையன்கள் தெரியாமலே செய்துவிட்டார்கள்.

முதல் நாள் இவர் டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்து அடித்தபோது நான் பதறிப்போய் ஓடினேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். அசையவில்லை. பாடுகிறவன் டெரிக் மைக்கில் கத்தினான். அசையவில்லை. ஒரு கிட்டார்க் கம்பி தெறித்து ஸ்பீக்கரில் கீச்சென்று ஒரு ஊளை, நாங்கள் அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டோம். இவன் வாயைச் சப்புக்கொட்டிவிட்டுத் தூங்கினான்.

எல்லோரும் சுற்றி நின்று கை தட்டினார்கள். "அல்ஃபியின் ரத்தம்டா!" என்றான் டெரிக். இவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பிறக்கும்போதே தாளத்துக்குப் பழகிப்போய் வந்திருக்கிறான் என்று எல்லோருமாக முடிவு கட்டினோம். சரிதானே? மாவு மில்காரர் பிள்ளை மில் சத்தத்தில் தூங்காதா?

நீங்கள் ஏன் டீயைக் குடிக்கவில்லை? சர்க்கரை போதாதா?

ரெக்கார்டு போடுகிறதை மேற்பார்வை பார்ப்பவர் ஒருத்தர் இருந்தார், கென் என்று பெயர். அவர்தான் எந்தச் சத்தம் தூக்கலாக இருக்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர். சிடுமூஞ்சி. ஆனால் ரெமியிடம் மட்டும் கொஞ்சுவார். பாட்டையெல்லாம் தனித்தனியாகப் பதிந்துவிட்டுக் கடைசியில் கலக்குவார்கள் அக்கா, நாம் குழம்புக்கு உப்பு புளி பார்ப்பது போல. அப்படிக் கலக்கும்போது ரெமியின் மூடியைப் பெரிய ஸ்பீக்கர் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். முழித்துக்கொண்டு மேலே பார்த்தபடி கிடந்தான். கென் டிரம் சத்தத்தை ஏற்றினார். ரெமி காலை உதைத்தான். இறக்கினார், நின்றுவிட்டான். மறுபடி ஏற்றினார், மறுபடி உதை. தாளம் தப்பாமல்!

கென் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார். "முதலாளி சொல்லிவிட்டார்" என்றார்.

அதிலிருந்து எல்லாப் பாட்டுக்கும் ரெமிதான் நீதிபதி. அவன் உதைக்கிற வரைக்கும் டிரம்மையும், அடிவயிற்றில் அதிர்கிற பேஸ் கிட்டாரையும் ஏற்றிக்கொண்டே போவார்கள். டெரிக்குக்குக் கோபம். தன் குரல் அமுங்கிப் போகிறது என்று ஒரு நாள் சண்டையே வந்துவிட்டது.

"நான் தொண்டை கிழியப் பாடுகிறேன், ஒரு தடவையாவது இந்தப் பொடியன் காலை ஆட்டினானா?"

"பொடியனுக்கு ரசனை இருக்கு" என்றார் கென்.

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். டெரிக் கோபத்தில் மூடிக்குக் குனிந்து, இவன் முகத்துக்கு நேரே வாயை வைத்துப் பாடினான். ரெமி அவன் வாயையே உற்றுப் பார்த்தான். அப்படி ஒரு கவனம் அக்கா! இப்போதும் அப்படித்தான், நான் பேசினால் என் கண்ணைப் பார்க்க மாட்டான், உதட்டைத்தான் பார்ப்பான். பாட்டுக்காரனாக வருவான் என்று நினைக்கிறேன். இல்லையா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சரி, சரி, சொல்ல வேண்டாம்.

படம் எடுத்தது அந்த நாட்களில்தான். ஒரு பெண் காமிராவோடு வந்திருந்தாள். டெரிக் மைக்கைக் கடித்துத் தின்பது போலக் கத்துகிறான், இவர் இரண்டு கையையும் ஓங்கி அடிக்கப் போகிறார், முன்னால் மூடியில் ரெமி கையை விரித்துப் போட்டு அயர்ந்து தூங்குகிறான். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு கம்பெனிக்காரர்கள் வேறு எதையும் பார்க்கவில்லை, அதையே ரெக்கார்டு அட்டையில் போட்டுவிட்டார்கள். ரெக்கார்டுக்குப் பெயரே அதிலிருந்துதான் வந்தது. நாட் எ பீப். மூச்சுச் சத்தம்கூட இல்லை என்று அர்த்தம்.

வெளியே வந்தது. அக்கா, நம்ப மாட்டீர்கள். ரேடியோவைத் திருப்பினால் இவர்கள் பாட்டு. டெலிவிஷனில் இவர்கள். பேப்பர்க்காரர்கள் என்ன எழுதினார்கள் தெரியுமா? இப்படி ஒரு டிரம் சத்தம் இதுவரை கேட்டதில்லை, நெஞ்சுக்குள் வந்து இடிக்கிறது, இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று. கென் ரேடியோவிலேயே சொன்னார், ஒரு கைக்குழந்தை கலக்கிய ரெக்கார்டு இது என்று. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? இந்த நாடு முழுக்க டான்ஸ் ஆடுவது என் பிள்ளை உதைத்த உதைக்கு. அப்படிப்பட்ட பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? நீங்களே சொல்லுங்கள். காது கேட்காதவனால் ஒரு ரெக்கார்டை ஜெயிக்க வைக்க முடியுமா?

என்ன கேட்டீர்கள்? மூடியை ஸ்பீக்கர் மேல் வைக்காமல் தரையில் வைத்தால் உதைத்தானா என்றா?

உதைத்திருப்பான். யார் பார்த்தார்கள். நாங்கள் அப்படி வைத்துப் பார்க்கவில்லை.

முன்பு கொஞ்சம் 'ங்கா' என்பான். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. இவரும் அதிகம் பேசாதவர்தான். சில குடும்பத்தில் பிள்ளைகள் நேரம் எடுத்துக்கொள்வார்கள், என் அண்ணன் இரண்டரை வயசில்தான் பேசினானாம்.

கடைத்தெருவுக்குப் போனால் அந்தப் படத்துப் பிள்ளை இவன்தானா என்று கூடிவிடுவார்கள். காய்கறிக்காரர் ஒருத்தர், நல்ல மனுஷர், எனக்குப் பச்சைமிளகாய் வரவழைத்துக் கொடுப்பவர். ஒரு நாள் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஒரு காகிதப் பையை ஊதி, ரெமியின் தலைக்குப் பின்னால் வைத்து, டப்பென்று உடைத்தார். நான் துள்ளிவிட்டேன். கையில் இருந்த தக்காளி உருண்டு போனது. பக்கத்தில் நின்ற நாய் ஒன்று குரைத்தது. ரெமி என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

கடைத்தெருவே கை தட்டியது. "படத்தில் இருப்பது நிஜம்தான்!" என்றார் காய்கறிக்காரர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து இவனைக் கம்பளத்தில் உட்கார வைத்தேன். அம்மா கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தட்டு ஒன்று இருக்கிறது. அதைச் சமையலறைத் தரையில் போட்டேன். கை தவறிப் போட்டது போலத்தான் போட்டேன். அந்தத் தரை கல். தட்டு சுழன்று சுழன்று நிற்கிறது, அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். வந்து எட்டிப் பார்த்தேன். அவன் கம்பளத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். மறுபடி போட்டேன். மறுபடியும். பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டி, என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவளுக்குக் கேட்டிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம்.

பழக்கம் அக்கா. டிரம் சத்தத்துக்குப் பழகிய பிள்ளைக்கு ஒரு தட்டெல்லாம் எம்மாத்திரம்?

இவருக்கு இந்தத் தட்டு விஷயம் இன்னும் தெரியாது. அமெரிக்காவில் இருக்கிறார், ஊர் ஊராகப் போய் வாசிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினார். கிளினிக்கிலிருந்து ஆள் வருகிறது என்றேன்.

"எதுக்கு வர்றாங்க?"

"காது பார்க்க."

"நம்ம ரெமிக்கா?" சிரித்தார். "நாடே அவனைப் பார்த்திருக்கு ஜெசி. ஏதாவது இருந்தா ஒருத்தராவது சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"அதைத்தான் நானும் நினைச்சேன்."

"இப்போ ஒண்ணும் பண்ணாதே. நான் வந்த பிறகு பார்க்கலாம். இங்கே மேடைக்குப் பின்னால் அந்தப் படத்தைத்தான் பெரிசா தொங்க விடறாங்க. தினம் நான் முதுகுக்குப் பின்னால் அவனை வைச்சுக்கிட்டுத்தான் அடிக்கிறேன். தெரியுமா?" என்றார். கடைசியில் அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அவனைப் போன் பக்கத்தில் கொண்டு வா" என்றார். காதில் வைத்தேன். அப்பா பேசினார், எனக்கே கேட்டது. ரெமி போனின் வயரைப் பிடித்து வாயில் வைத்தான். "சிரிக்கிறானா?" என்று கேட்டார். சிரிக்கிறான் என்றேன்.

சிரித்தான் அக்கா. வயரைப் பார்த்துச் சிரித்தான்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வாள் என்று தெரியும். "ஏட்டி, பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோயி அந்தச் சத்தத்துல போட்டியே, காது என்னத்துக்கு ஆகும்?" என்பாள். உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் டாக்டர். அந்தச் சத்தத்தால் ஆகியிருக்குமா? நான் வீட்டிலேயே இருந்திருந்தால், கொஞ்சம் தைரியமாக இருந்திருந்தால்?

இல்லையா? முதல் நாளே தூங்கினான் என்றால் அதற்கு முன்பே என்கிறீர்களா?

பிள்ளை வயிற்றில் இருந்தபோது காய்ச்சலா? காய்ச்சல் என்று ஒன்றும் இல்லை. மூன்றாவது மாதம் இரண்டு நாள் உடம்பு சுட்டது, மேலெல்லாம் சின்னச் சின்னதாகச் சிவப்பாகப் பொரிந்தது. மணல்வாரி அம்மை போல, ஆனால் லேசாக. மூன்றாவது நாள் நான் துணியே துவைத்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளிடமிருந்து ஒட்டியிருக்கும்.

அந்தக் காய்ச்சல் வயிற்றுப் பிள்ளையின் காதைத் தொடுமா? அவ்வளவு சின்னக் காய்ச்சலா? எனக்கு ஒரு மாத்திரைகூடப் போட வேண்டியிருக்கவில்லையே. நான் எழுந்து துணி துவைத்தேன் என்கிறேன், நீங்கள் காதைத் தொட்டது என்கிறீர்கள்.

உங்களுக்குக் கோபம் இல்லையே? நான் சத்தம் போட்டதற்கு. ரெமியைப் பாருங்கள், அம்மா கத்தியதற்குப் பயப்படவே இல்லை. சமர்த்து.

அவர் வந்த பிறகு பார்க்கலாமே அக்கா. கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவார். இத்தனை மாதம் போய்விட்டது, இன்னும் கொஞ்சம் போனால் என்ன? பேச்சு வருகிற வயசா? தள்ளிப் போடப் போட அவனுக்குத்தான் கஷ்டமா? சின்னப் பிள்ளைகளுக்குக் காதில் வைக்க மிஷின் இருக்கிறதா? வைத்தால் கேட்குமா? கொஞ்சமா? அதுவும் நிச்சயம் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் நிச்சயமாக என்ன இருக்கிறது அக்கா?

இல்லை, போகாதீர்கள். பையை மூடாதீர்கள். தேதி போட்டு வேறொரு நாள் வர வேண்டாம். நீங்கள் போனால் நான் மறுபடி தட்டைப் போட ஆரம்பித்துவிடுவேன்.

செய்துவிடலாம். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

எங்கே நிற்கட்டும்? இங்கேயா, அவனுக்குப் பின்னால்? அவன் கண்ணில் படக்கூடாது, புரிகிறது. தரை அதிரக்கூடாது. நிழல் விழக்கூடாது. திரைச்சீலையை இழுத்துவிட்டேன், போதுமா? நீங்கள் முன்னால் உட்கார்ந்து அந்தச் சிவப்புப் பொம்மையைக் காட்டுவீர்கள். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதானே. இதற்குப் போயா இத்தனை பயந்தேன்.

ரெமி.

மெதுவாகக் கூப்பிட்டுவிட்டேன். தொண்டை கட்டியிருக்கிறது. இருங்கள்.

ரெமி!

பொம்மையைப் பார்க்கிறான். புதுப் பொம்மை இல்லையா, அதுதான். அதைக் கீழே வைத்துவிடுங்கள் அக்கா. வைத்துவிட்டீர்களா? சரி.

ரெமி! ராசா! அம்மா இங்கே இருக்கேன், பின்னால் இருக்கேன். ரெமி! என் தங்கமே, இங்கே பாரு!

கண்ணைச் சிமிட்டினானா? முகம் கொஞ்சம் மாறியதா? எனக்கு அவன் பிடரிதான் தெரிகிறது. உங்களுக்குத்தான் முகம் தெரியும், நீங்கள்தான் சொல்ல வேண்டும். லேசாக ஏதாவது தெரிந்தாலும் சொல்லுங்கள். இன்னும் பலமாகக் கூப்பிடட்டுமா? என்னால் முடியும், இன்னும் பலமாக முடியும்.

ரெமி!

என்னை ஏன் பார்க்கிறீர்கள் அக்கா? அவனைப் பாருங்கள்.